குளிப்பாட்டியவரைக் குளிப்பாட்டிய நாள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



சென்ற ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை, ஸுப்ஹுத் தொழுகைக்குச் சற்று முன்னர் என் தொலைபேசி ஒலித்தது. எங்கள் பள்ளிவாசலின் மூத்த தொழுகையாளி ஒருவர் மருத்துவமனையில் வஃபாத்தாகிவிட்டார் என்று செய்தி. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். செய்தியைச் சொன்ன சகோதரர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இவரை யார் குளிப்பாட்டுவது, உஸ்தாத்?" என்று கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. எங்கள் பள்ளியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஆண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டி வந்தவரே அந்தப் பெரியவர்தாம்.

நான் அமெரிக்காவில் ஒரு சிறிய பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். தமிழ்க் குடும்பங்களும் பிற நாட்டுக் குடும்பங்களும் சேர்ந்து தொழும் பள்ளி அது. ஜனாஸாவின் சட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தியிருக்கிறேன். குளிப்பாட்டும் வரிசை, ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து, தொழுகையில் நான்கு தக்பீர் என்று பலகையில் எழுதிக்காட்டித் தேர்வும் வைத்திருக்கிறேன். எனினும் அந்த நாள்வரை ஒரு மய்யித்தையேனும் என் கையால் குளிப்பாட்டியதில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஊரில் அதற்கென்று ஆள் இருந்தார். இங்கே பெரியவர் இருந்தார். அவர் இரண்டு முறை என்னை உதவிக்கு அழைத்தார். ஒரு முறை வகுப்பு இருக்கிறது என்றேன். மறுமுறை உடல்நலமில்லை என்றேன். உண்மையில் எனக்கு அச்சம். அவர் அதை அறிந்திருந்தார். ஆனால் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பெரியவர் ஒரு கறுப்பின அமெரிக்கர். 1960களின் இறுதியில் கட்டாய ஆள்சேர்ப்பில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய பணி சுடுவதன்று. இறந்த வீரர்களின் உடல்களைப் பெற்று, கழுத்துத் தகடு, கைரேகை, பல்வரிசை ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் உறுதிசெய்து, ஊருக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். அப்போரில் அமெரிக்கப் படைக்கு அங்கே இரண்டு பெரிய பிணக்கிடங்குகள் இருந்தன. ஒன்று சைகோனின் தான் சொன் நூட்டில். மற்றொன்று தா நாங்கில். அவர் தா நாங்கில் வேலை செய்தார். வாஷிங்டனின் கருங்கல் சுவரில் இன்று 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றைத் தம் கையால் முதலில் எழுதியவர் தாமே என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் போரைப் பற்றி அவர் பேசியதில்லை.

1975இல் எலைஜா முஹம்மது இறந்தபின், அவருடைய மகன் வாரிஸ் தீன் முஹம்மது அந்த இயக்கத்தாரைப் பொதுவான சுன்னத் வல் ஜமாஅத் வழிக்குத் திருப்பினார். அந்த ஆண்டுகளில் கலிமா சொன்னவர்களில் எங்கள் பெரியவரும் ஒருவர். இஸ்லாத்தில் தம்மை முதலில் ஈர்த்தது எது என்று கேட்டபோது, "இறந்தவரை நீங்கள் நடத்தும் முறை" என்றார். நான் எதிர்பார்த்த விடை தவ்ஹீத்.

அவருடைய வஸிய்யத் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தது. முஸ்லிம்கள் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைக்க வேண்டும். அதன்பின் அரசின் தேசிய இராணுவ வீரர் மையவாடியில் அடக்க வேண்டும். கல்லில் பிறை இருக்க வேண்டும். காரணத்தையும் இரண்டு வரியில் எழுதியிருந்தார். தாம் ஊருக்கு அனுப்பிவைத்த பிள்ளைகள் அத்தகைய இடங்களில்தான் உறங்குகிறார்கள் என்பது ஒன்று. தம் மகளுக்கோ பள்ளிக்கோ செலவு வைக்கக் கூடாது என்பது மற்றொன்று. அந்நாட்டில் ஒரு சாதாரண அடக்கத்துக்கே பல்லாயிரம் டாலர் ஆகும். மானக்கேடான முறையில் நீக்கப்படாத முன்னாள் வீரருக்கோ தேசிய மையவாடியில் இடம், குழி வெட்டி மூடுதல், கல், கொடி, தொடர்ந்த பராமரிப்பு எல்லாம் இலவசம். உள்நாட்டுப் போரின்போது 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று முன்னாள் வீரர் நலத்துறையின்கீழ் மட்டும் 150க்கும் மேற்பட்ட மையவாடிகள் உள்ளன.

அன்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளியில் இரண்டு பேச்சுகள் எழுந்தன.

முதலாவது, காலம். ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. நம்முடைய மையவாடியிலோ அஸருக்கு முன்பே அடக்கிவிடலாம். தேசிய மையவாடியில் வார நாட்களில் மட்டுமே அடக்கம் நடக்கும். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழை அனுப்பித் தகுதியை உறுதிசெய்த பின்னரே நேரம் தருவார்கள். எங்களுக்குக் கிடைத்தது திங்கட்கிழமை காலை 11 மணி. மூன்று இரவுகள் அவரைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மரியாதை. ஓர் இளைஞர் எழுந்து, "உஸ்தாத், அந்தப் படை எத்தனை முஸ்லிம் நாடுகளின்மீது குண்டு போட்டிருக்கிறது! அதன் கொடியை ஒரு முஃமினின் ஜனாஸாமீது போர்த்த நாம் துணை போகலாமா? முஹம்மது அலி அதே போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்துப் பட்டத்தையே இழந்தாரே!" என்றார். 1967 ஏப்ரலில் ஹியூஸ்டன் நகரில் முஹம்மது அலி மறுத்ததும், குத்துச்சண்டைப் பட்டம் பறிக்கப்பட்டதும் உண்மை. இளைஞரின் குரலில் இருந்தது ஆணவமன்று; வேதனை. அந்த வேதனை என்னுள்ளும் இருந்தது. ஆதலால் உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

அப்போது பெண்கள் பகுதியின் வாயிலருகே நின்றிருந்த பெரியவரின் மகள், தாம் பேசலாமா என்று கேட்டார். அவர் கிறிஸ்தவர், வேறு மாநிலத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார். "உங்கள் மார்க்கத்தில் எது கூடும், எது கூடாது என்று எனக்குத் தெரியாது. என் தந்தை உங்கள் தந்தையரை எல்லாம் குளிப்பாட்டினார். அவர் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு தாளில் இருக்கிறது" என்றார். பின்னர் அமர்ந்துவிட்டார்.

பள்ளியில் அமைதி நிலவியது. அந்த இளைஞரின் தந்தையைப் பெரியவர் குளிப்பாட்டியது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். அடக்குமிடம் குறித்த வஸிய்யத்துக்காக ஜனாஸாவைத் தாமதப்படுத்துவதை நம் இமாம்கள் விரும்பவில்லை என்பதை மறைக்கமாட்டேன். பெட்டியில் வைத்து அடக்குவது, ஈரமண் போன்ற தேவை இருந்தாலன்றி, ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ். கொடியும் குழலும் ஜனாஸாவின் அங்கமல்ல. அவற்றை வணக்கமாகக் கருதி நாம் செய்தால் பித்அத். ஆனால் அவர்கள் தங்கள் நாட்டு வழக்கமாகச் செய்வதை நாம் வணக்கத்தோடு கலக்காமல் விட்டால் அதன் நிலை வேறு. ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதும், அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டதும் புகாரீயில் இருக்கிறது. பிற சமயத்தவரின் மய்யித்துக்கு நம் நபி எழுந்து நின்றார்கள். நம் மய்யித்துக்குப் பிற சமயத்து இளைஞர்கள் எழுந்து நின்று மரியாதை செய்வதை நான் எந்த முகத்தோடு தடுப்பது?

நம் கடமை அனைத்தையும் முதலில் குறைவின்றி முடிப்பது, அதன்பின் அவர்களிடம் ஒப்படைப்பது என்று நிர்வாகத்தார் முடிவு செய்தார்கள். மூன்று இரவுத் தாமதம் சரிதானா என்பதில் இன்றும் எனக்கு மனநிறைவு இல்லை. அல்லாஹு அஃலம். அவன் எங்களை மன்னிப்பானாக.

திங்கட்கிழமை ஸுப்ஹுக்குப் பின் குளிப்பாட்டும் அறைக்குச் சென்றோம். பெரியவரிடம் பழகிய சகோதரர் ஒருவரும், கேள்வி எழுப்பிய அந்த இளைஞரும், நானும். அறையில் பெரியவரின் பொருட்கள் அவர் வைத்தவாறே இருந்தன. வாளிகள், இலந்தை இலைத் தூள், கற்பூரம், மடித்த வெள்ளைத் துணிகள். சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தது. தண்ணீரை முதலில் உன் மணிக்கட்டில் ஊற்றிப் பார், உனக்குச் சுட்டால் அவருக்கும் சுடும், மெதுவாகப் பேசு. இவ்வளவுதான் அதில் இருந்தது.

நான் தண்ணீரை என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன். கை நடுங்கியது. அவ்ரத்தை மறைத்து, வயிற்றை மெல்ல அழுத்தித் துப்புரவு செய்து, உளூச் செய்வித்து, வலப்பக்கம், இடப்பக்கம் என்று பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் செய்தோம். பாடத்தில் இல்லாதது ஒன்று இருந்தது: உடலின் கனம். ஒரு மனிதரைப் புரட்டும்போது அவருடைய தலை சாயாதிருக்க ஒரு கை தாங்கியே இருக்க வேண்டும் என்பதை நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எனக்கே தெரியாது. அந்த இளைஞர் தலையைத் தாங்கிக்கொண்டார். கடைசி நீரில் கற்பூரம் கலந்து ஊற்றியபோது என் அச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று துணிகளில் கஃபனிட்டோம். ஒன்பது மணிக்குத் தொழுகை. மகள் பின்னால் தலை மூடி நின்றார்.

பெட்டி வெறும் பலகையால் ஆனது. மையவாடியில் பெரும்பாலான குழிகளில் கான்கிரீட் அறைகளை முன்னமே இறக்கி வைத்திருக்கிறார்கள். உடல் மண்ணைத் தொடாது. ஆகையால் பெட்டியின் அடியில் மண் பரப்பி, அவரை வலப்பக்கமாகச் சாய்த்து, கன்னத்துக்குக் கீழும் மண் வைத்தோம். கல்வரிசைகள் நேர்கோட்டில் இருப்பதால் ஒரு கப்ரை மட்டும் திருப்ப இயலாது. வரிசையின் திசையை முன்கூட்டியே கேட்டறிந்து, பெட்டியைச் சற்று அகலமாகச் செய்யச் சொல்லி, முகமும் நெஞ்சும் கிப்லாவை நோக்குமாறு உள்ளே கோணமாக வைத்து முட்டுக்கொடுத்தோம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து கிப்லா வடகிழக்கு.

மையவாடியில் சுவரில்லாத ஒரு மண்டபத்தில்தான் நிகழ்ச்சி நடக்கும், கப்ரின் அருகிலன்று. பெட்டியின்மீது கொடி. அதன் நீலப்பகுதி தலைமாட்டில், இடத்தோளுக்கு மேலாக இருக்க வேண்டும் என்பது முறை. 2000ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, குடும்பம் கேட்டால், எந்த முன்னாள் வீரருக்கும் குறைந்தது இரண்டு படையினர் சீருடையில் வந்தாக வேண்டும். ஒருவர் அவருடைய படைப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வந்தவர்கள் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும். இருபது வயதைத் தாண்டியிருக்கமாட்டார்கள், பெரியவரை அறியாதவர்கள். சற்றுத் தொலைவில் முதிய முன்னாள் வீரர்கள் சிலர் துப்பாக்கிகளோடு நின்றார்கள். சம்பளமின்றி, ஒவ்வோர் அடக்கத்துக்கும் தாமாக வருபவர்கள் அவர்கள்.

மூன்று முறை வேட்டொலி எழுந்தது. போர்க்களத்தில் இறந்தவர்களை எடுத்து முடித்தாயிற்று என்பதற்கான பழைய அடையாளம் அது என்பார்கள். அப்படியாயின் இறந்தவர்களை எடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவருக்கு அது பொருந்தும். பின்னர் ஊதுகுழல். 1862இல் ஒரு பாசறையில் விளக்கணைக்கும் நேரத்துக்காக அமைக்கப்பட்ட 24 சுரங்கள். இசைக்கத் தெரிந்தவர்கள் போதாமையால் இப்போது குழலுக்குள் ஒலிக்கருவி பொருத்தி, உதட்டில் வைத்தபடி நிற்பதும் உண்டு. அன்றும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் அந்த நேரத்தில் மனத்துக்குள் இஸ்திக்ஃபார் ஓதிக்கொண்டிருந்தோம். அவர்கள் வழக்கம் அவர்களோடு. எங்கள் துஆ எங்களோடு.

அதன்பின் கொடியை மடித்தார்கள். இருவரும் பேசவில்லை. நீளவாட்டில் இரு முறை, பின்னர் முக்கோணமாகத் திரும்பத் திரும்ப, மொத்தம் பதின்மூன்று மடிப்பு. ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி, சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்து மடித்தார்கள். காலையில் கஃபன் துணியின் ஓரத்தை அந்த இளைஞர் நீவியது என் நினைவுக்கு வந்தது. கடைசியில் அந்தப் பெண் மகளின் முன் மண்டியிட்டு, நாட்டின் சார்பில் நன்றி கூறும் சில சொற்களை மெல்லிய குரலில் சொல்லி, நீலப்பகுதி மட்டும் தெரியும் முக்கோணத்தை அவர் கையில் கொடுத்தார்.

மடித்து முடித்தபின் பெட்டி வெறும் பலகையாக நின்றது. அப்போதுதான் நான் ஒன்றை உணர்ந்தேன். அந்தக் கொடி கப்ருக்குள் போகவில்லை. நாட்டின் அடையாளம் எதுவும் மண்ணுக்குள் போகவில்லை. எல்லாம் எடுக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, உயிரோடிருப்பவரிடம் திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டது. இறந்தவரைப் பின்தொடர்ந்து செல்பவை மூன்று. குடும்பமும் செல்வமும் திரும்பிவிடும், அமல் மட்டுமே தங்கும் என்ற நபிமொழியை எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! என் பக்கத்தில் நின்ற இளைஞர், "உஸ்தாத், உள்ளே கஃபன் மட்டும்தான் போகிறது" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். வெள்ளியன்று அவர் கேட்ட கேள்விக்கு நான் தேடிய விடையை அவரே கண்டுகொண்டார்.

கப்ரின் அருகே செல்ல முன்னரே அனுமதி கேட்டிருந்தோம். பாதுகாப்புக் காரணமாக வழக்கத்தில் விடுவதில்லை. அலுவலர் எங்களுக்காக இசைந்தார். மண் தள்ளும் எந்திரத்தில் அமர்ந்திருந்த தொழிலாளி எங்களைக் கண்டதும் எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி இறங்கி நின்றார். பெட்டியை இறக்கினோம். ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போட்டோம். மகள் தயங்கி, "நானும் போடலாமா?" என்றார். நாங்கள் விலகி வழிவிட்டோம். கொடியை இடக்கையில் அணைத்துக்கொண்டு வலக்கையால் மண் அள்ளினார். பின்னர், அடக்கம் முடிந்ததும் சகோதரருக்காகப் பாவமன்னிப்பும் உறுதியும் கேளுங்கள், அவர் இப்போது விசாரிக்கப்படுகிறார் என்ற ஏவலின்படி நின்று துஆ கேட்டோம். தொழிலாளி அதுவரை எந்திரத்தைத் தொடவில்லை.

சில வாரங்களுக்குப் பின் கல் நடப்பட்டது. 42 அங்குல உயரமும் 13 அங்குல அகலமும் உள்ள வெண்பளிங்கு. தளபதிக்கும் சிப்பாய்க்கும் அதே அளவு. சமயச் சின்னங்களின் அரசுப் பட்டியலில் பிறையும் விண்மீனும் 17ஆம் எண். ஆர்லிங்டன் மையவாடியிலும் அந்தச் சின்னம் உண்டு. 2007இல் இராக்கில் கொல்லப்பட்ட கரீம் ரஷாத் சுல்தான் கான் என்ற இருபது வயது வீரரின் கல்லும், அதை அணைத்திருந்த தாயின் படமும் 2008 அக்டோபரில் கோலின் பவல் பேசியபின் உலகறிந்தன. பிறைச்சின்னம் மார்க்கத்தின் கட்டளையன்று என்பதை என் மாணவர்களுக்குச் சொல்வேன். எனினும் உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களின் கப்ரை அடையாளம் காண நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லை எடுத்து வைத்ததையும் சேர்த்துச் சொல்வேன். அந்த வரிசையைக் கடந்து செல்லும் ஒரு முஸ்லிம் அந்தக் கல்லைக் கண்டு ஸலாம் சொல்வார் அல்லவா? பெரியவர் விரும்பியது அதுவாகவே இருக்கும்.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். உங்கள் வீட்டில் இராணுவத்தில் பணியாற்றியவர் இருந்தால், விடுவிப்புச் சான்றிதழை எங்கே வைத்திருக்கிறார் என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். தகுதியை உயிரோடிருக்கும்போதே எழுதிக்கேட்டு உறுதிசெய்துகொள்ள இப்போது வழியுண்டு. அதைச் செய்திருந்தால் ஓர் இரவையாவது குறைத்திருக்கலாம். பெட்டி, கிப்லா, பிடி மண் ஆகியவற்றை முதல் தொலைபேசி அழைப்பிலேயே பேசிவிடுங்கள். பணிவோடு கேட்டால் அந்த அலுவலர்கள் செவிசாய்க்கிறார்கள். இராணுவத்தோடு தொடர்பில்லாதவர்களும் வஸிய்யத்தை எழுதிவையுங்கள். ஒரு தாள் போதும்.

அந்த நாளுக்குப் பின் எங்கள் மதரஸாவில் ஜனாஸாப் பாடம் பலகையோடு முடிவதில்லை. பதினாறு வயதைக் கடந்த ஆண் பிள்ளைகளைப் பெற்றோரின் இசைவோடு நான் அந்த அறைக்கு அழைத்துச் செல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு ஒரு மூத்த சகோதரி சொல்லிக்கொடுக்கிறார். சுவரிலுள்ள தாளை முதலில் படிக்கச் சொல்கிறோம். இப்போது பெரியவரின் இடத்தில் அந்த இளைஞர் நிற்கிறார். நான் தலையைத் தாங்கிக்கொள்கிறேன்.

யா அல்லாஹ்! உன் அடியார்களைத் தூய்மைப்படுத்தி உன்னிடம் அனுப்பிவைத்த அந்த அடியாரை நீ தூய்மைப்படுத்துவாயாக. அவருடைய கப்ரை விசாலமாக்குவாயாக. எங்களுக்கும் ஈமானோடு மரணத்தையும், எங்களைக் குளிப்பாட்ட மென்மையான கைகளையும் தந்தருள்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.